பணிக்குத் திரும்பும் தேதி

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்டால் நீயும் திருப்பிக் கேட்பாய். அதற்கு என்ன பதில் எழுதுவதென்று தெரியாததால் நான் கேட்கவில்லை. அத்தானுக்கு முட்டிவலி குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். நடக்கச் சொன்னால் உட்காருவார், உட்காரச் சொன்னால் நடப்பார். நீதான் அதட்ட வேண்டும்.

சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. பொக்கைவாயோடு வகுப்பில் பாட்டுப் பாடிவிட்டு வந்தாள். சாப்பாட்டுக்குக் குறை வைப்பதில்லை. நானும் சாப்பிடுகிறேன், நன்றாகவே தூங்குகிறேன். எதிர்வீட்டு டீச்சர்தான், "அழுதுடும்மா, உள்ளயே வெச்சிருக்காத" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்கிறார். உள்ளே ஏதாவது இருந்தால்தானே வெளியே வரும்? மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல சின்னவள் அப்பாவின் சட்டையை அவ்வப்போது எடுத்துப் பார்க்கிறேன். ஒன்றும் தெரியவில்லை. மடித்து வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போகிறேன். கல்நெஞ்சுக்காரி என்று நாலு பேர் பேசுவது காதில் விழுகிறது. ஊர்வாயை மூட உலைமூடி ஏது, பேசட்டும்.

அவருடைய ஆய்வகத்துக்கு நான் எழுதிக்கொண்டிருந்த இணையதளம் உனக்கு நினைவிருக்கும். எந்தக் கருவியை யார் எப்போது பயன்படுத்துவது, மருந்து எவ்வளவு மிச்சம், எது பழுது என்று எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைப்பது. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் அது பிறந்தது. ஆய்வகப் பொறுப்பாளராக அவர் சொல்லச் சொல்ல, நான் எழுதினேன். காரியம் எல்லாம் முடிந்தபின் துறைத் தலைவர் வந்து, "பாதியில நிக்குதேம்மா, வேற யாருக்கும் தலையும் புரியல வாலும் புரியல" என்றார். முடித்துத் தருகிறேன் என்றேன். மாட்டேன் என்று சொல்லவும் தெம்பு வேண்டுமே அக்கா.

அதில் ஒவ்வொரு பொறுப்பாளருக்கும் ஒரு நிலை உண்டு. பணியில், விடுப்பில், மாற்றலானார், ஓய்வுபெற்றார் என்று நாலுதான். ஐந்தாவது ஏதாவது வேண்டுமா என்று நான் கேட்டதற்கு, "மனுஷன் இந்த நாலுக்குள்ளதாம்மா அடங்குவான்" என்றார். சரி என்று நானும் தட்டிவிட்டேன். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு மூளை இருந்திருந்தாலும் தோன்றியிருக்கும். தோன்றவில்லை.

அவர் போனபின் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். மாற்றலானார் என்று போட்டால் எங்கே என்று கேட்கிறது. ஓய்வுபெற்றார் என்று போட்டால் இன்னும் வயதாகவில்லை என்று மறுக்கிறது. அந்தச் சரிபார்ப்பையும் அவர்தான் வைக்கச் சொன்னார். கடைசியில் விடுப்பில் என்று போட்டேன். பணிக்குத் திரும்பும் தேதி என்ன என்றது. கைக்கு வந்த ஒரு தேதியைக் கொடுத்துவிட்டு மறந்துபோனேன். உதவிப் பொறுப்பாளர் அனுமதி கொடுக்க, வேலை ஓடிக்கொண்டிருந்தது.

போன திங்கட்கிழமை அந்தத் தேதி வந்துவிட்டது. விடுப்பு முடிந்தால் யாரும் சொல்லாமலே ஆளைப் பணிக்குத் திருப்ப வேண்டும் என்பது அவர் போட்ட விதி. எல்லாரும் சொல்ல மறந்துவிடுகிறார்களாம். கம்ப்யூட்டர் சொன்ன சொல் தட்டாது, திருப்பிவிட்டது. உதவிப் பொறுப்பாளரின் அனுமதி செல்லாமல் போயிற்று. வந்த விண்ணப்பங்களெல்லாம் அவருடைய பெயரில் போய்க் காத்துக் கிடந்தன.

முந்திரிக்கொட்டை என்று அவர் பட்டப்பெயர் வைத்திருந்த ஆராய்ச்சி மாணவியைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். எதற்கும் முதல் ஆளாக வந்து நிற்பாள். அன்றும் அவள்தான் முதலில். பெரிய மைக்ராஸ்கோப் இருக்கும் அறை அனுமதி இல்லாமல் அவளுடைய அடையாள அட்டைக்குத் திறக்கவில்லை. வாரக்கணக்கில் வளர்த்த செல்கள் கையிலேயே வீணாகிவிட்டன. என்னிடம் சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். வந்தாள். "பரவால்லக்கா, மறுபடி வளத்துக்கலாம்" என்றாள். வாசல்வரை போனவள் திரும்பி, "காலைல சார் பேருக்குப் பக்கத்துல பச்சைப் புள்ளி இருந்துச்சுக்கா. யார்கிட்டயும் சொல்லத் தோணல. பாத்துக்கிட்டே நின்னுட்டேன்" என்றாள்.

அவளை அனுப்பிவிட்டு நானும் திறந்து பார்த்தேன். பணியில் என்று இருந்தது, பக்கத்தில் பச்சைப் புள்ளி. காத்திருந்த விண்ணப்பங்களை நானே உள்ளே போய் ஒவ்வொன்றாகத் தீர்த்துவைத்தேன். புள்ளியைத் தொடவில்லை. இன்றுவரை தொடவில்லை. தினமும் வரும் விண்ணப்பங்களையும் அப்படியே கையால் தள்ளிக்கொண்டிருக்கிறேன். நான் வேண்டுமென்றே அதை விட்டுவைத்திருப்பது இங்கே யாருக்கும் தெரியாது.

ஆனால் அடுத்த மாதம் புதுப் பொறுப்பாளர் வருகிறார். நல்ல மனிதர் என்கிறார்கள். அவர் பெயரை ஏற்றப் பார்த்தால், ஏற்கெனவே ஒருவர் பணியில் இருக்கிறார் என்று சொல்லி ஏற்க மறுக்கிறது. துறைத் தலைவர் இரண்டு முறை கேட்டுவிட்டார். ஐந்தாவது நிலை ஒன்றைச் சேர்ப்பது காபி ஆறுவதற்குள் முடிகிற வேலை. சேர்த்தும்விட்டேன். அதற்கு ஒரு பெயர் வைக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கட்டத்துக்குள் எலி வால்போல ஒரு கோடு மின்னி மின்னி நிற்கிறது. நான் கையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். மறைந்தார், காலமானார் என்று எத்தனையோ சொல் இருக்கிறது. எல்லாம் எனக்குத் தெரியும், விரல்தான் போக மாட்டேன் என்கிறது.

போனில் சொல்லியிருக்கலாம். உன் குரல் உடைந்துவிடும், பிறகு நான் உன்னைத் தேற்ற வேண்டியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஒரு காரியம் செய், அக்கா. என்ன சொல் போடலாம் என்று அத்தானையும் கேட்டு ஒரு தாளில் எழுது. சின்ன வயதில் நீ எழுதிய எழுத்தின்மேல் என்னை எழுதச் சொல்லிப் பழக்கினாயே, அதுபோல அதைப் பார்த்து அடித்துவிடுவேன். ஆனால் தபாலில் போடாதே. நீயே எடுத்துக்கொண்டு வா. நான் அதை அடிக்கும்போது நீ பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

உன் வரவை எண்ணியிருக்கும்,
தங்கை