புதன்கிழமைதோறும் குழாயடியில் வீணாகும் பல் மருந்து குறித்து

அனுப்புநர்:
இரண்டாம் வகுப்பு மாணவியின் தாத்தா,
ஓய்வுபெற்ற பெயின்டர்,
பள்ளிக்கு எதிர்வீடு.

பெறுநர்:
பள்ளி நல அலுவலர்,
சுகாதார அலுவலகம்.

பொருள்: ஃபுளோரைடு கொப்பளிப்பு முடிந்ததும் பிள்ளைகளை வாய் கழுவச் செய்வதை நிறுத்தக் கோரி இரண்டாம் மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முதல் மனுவுக்குத் தங்கள் பதில் கிடைத்தது. திட்டம் நூறு சதவீதம் நிறைவேறுவதாக அதில் இருக்கிறது. என் பேத்தியின் பல்லில் ஓட்டையும் இருக்கிறது.

2. ஏழு மாதங்களுக்கு முன் பல் மருத்துவர் அவளுடைய கடைவாய்ப் பற்கள் இரண்டில் வெள்ளைத் திட்டுகளைக் காட்டினார். சொத்தையின் தொடக்கம், இன்னும் குழி விழவில்லை, நன்றாகப் பல் துலக்கி, வாரம் ஒருமுறை ஃபுளோரைடு நீரில் கொப்பளித்தால் மீண்டும் கெட்டிப்பட வாய்ப்புண்டு என்றார். பள்ளியிலேயே கொடுக்கிறார்களே என்று நிம்மதியாக இருந்தோம். அது எங்கள் முட்டாள்தனம்.

3. பிள்ளைகள் கை கழுவ எப்படியும் குழாயடிக்குப் போகிறார்கள் என்பதால், சாப்பாட்டு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னால் மருந்து கொடுக்கிறார்கள். பிள்ளைகள் ஒரு நிமிடம் கொப்பளித்துத் துப்புகிறார்கள். உடனே வகுப்பாசிரியை, "வாயை நல்லாக் கழுவிட்டு சாப்பிடப் போங்க" என்கிறார். என் மாடியிலிருந்து மூன்று புதன்கிழமைகள் பார்த்தேன். அரை மணி நேரம் எதுவும் உண்ணவோ குடிக்கவோ கூடாது என்று மருந்துப் புட்டியிலேயே அச்சிட்டிருக்கிறது. பள்ளிக்குப் போனபோது வாங்கிப் பார்த்தேன்; பொடி எழுத்துதான். எழுபத்து நான்கு வயதில் நான் படித்துவிட்டேன்.

4. முப்பத்தெட்டு ஆண்டுகள் இரும்புக் கதவுகளுக்குப் பெயின்ட் அடித்தவன் நான். அடித்த கையோடு தண்ணீர் ஊற்றுகிறவனை எந்த மேஸ்திரியும் மறுநாள் வேலைக்குச் சேர்க்கமாட்டார். தங்கள் அலுவலகம் அவனுக்கு நூறு மதிப்பெண் போட்டிருக்கிறது.

5. நேரில் கேட்டபோது தலைமையாசிரியை, "பெரியவரே, விழுந்து முளைக்கிற பல்லுக்கு ஏன் இந்தப் பாடு?" என்றார். அது நிலையான பல். விழுந்தால் முளைக்காது. சந்தேகமிருந்தால் அவர் தம் வாயில் சோதித்துக்கொள்ளட்டும்.

6. ஒரு பல்லைப் போன வாரம் குடைந்து அடைத்தார்கள். நாற்காலியின் கைப்பிடியை அவள் பிடித்த பிடியை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்னொன்றில் திட்டு இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது. மூன்று மாதம் பார்க்கலாம் என்கிறார் மருத்துவர்.

ஆகவே, வாய் கழுவச் சொல்வதை நிறுத்தி, மருந்து கொடுக்கும் நேரத்தைக் காலை முதல் பாடவேளைக்கு மாற்ற உடனே உத்தரவிட வேண்டும். பதில் கடிதம் தேவையில்லை. வரும் புதன்கிழமை சாப்பாட்டு மணிக்கு முன் நான் அந்தக் குழாயை மறித்து நிற்பேன். காவலரை அழைப்பதாகத் தலைமையாசிரியை சொல்லியிருக்கிறார். அழைக்கட்டும். தங்கள் உத்தரவு அதற்குமுன் வந்துவிட்டால், எனக்கு அங்கே வேலை இல்லை.

இடம்: எதிர்வீட்டு மாடி
நாள்: மார்ச் 4, திங்கள்

இப்படிக்கு,
(கையொப்பம்)
தாத்தா