கண்ணாடி இல்லாமல் எழுதிய பூசைச் சீட்டு

ஓசூர்

அன்பு வின்சிக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவால் இங்கே மூவரும் சுகம், அந்தக் குளிரில் நீயும் மணிவேலும் சுகமாக இருக்கத் தினமும் வேண்டிக்கொள்கிறேன். போனில் சொன்னால் உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பாதியிலேயே மறிப்பார், அதனால்தான் கடிதம். உன் தம்பி எட்சனுக்குப் போச்சம்பள்ளி கம்பெனியில் இந்த வாரம் நைட் ஷிப்ட், பகலெல்லாம் தூக்கம். தேன்கனிக்கோட்டையில் உன் மாமனாரின் ராகிக் காட்டில் யானை புகுந்துவிட்டதாம், ஆட்களுக்கு ஒன்றுமில்லை. இதை எனக்குச் சொன்னதே உன் அப்பாதான், உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டால் மட்டும் பேப்பரை எடுத்து விரித்துக்கொள்கிறார்.

போன ஞாயிறு நம் தெருவில் கூடி ஜெபிக்கும் அன்பியத்தார் பதினெட்டுப் பேர் வேன் பிடித்துப் பாண்டிச்சேரி சம்பா கோவில் மாதாவைப் பார்க்கப் போனோம். என்ன உயரம் தெரியுமா, அண்ணாந்து பார்த்துக் கழுத்தே பிடித்துக்கொண்டது. உங்கள் கல்யாண நாள் வருகிறதே, நன்றிப் பூசைக்குப் பெயர் கொடுக்கலாம் என்றேன். உன் அப்பா என் கையிலிருந்த சீட்டைப் பிடுங்கித் தானே எழுதினார். உங்கள் கல்யாணம் ஆனதிலிருந்து மூன்று வருடமாக மணிவேலை "அந்தப் பையன்" என்பதோடு சரி, உன் பெயரை மட்டும்தான் எழுதியிருப்பார் என்று மனம் கனத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். பூசையில் சாமியார் வாசித்தபோது வின்சி, மணிவேல் என்று இரண்டு பெயரும் வந்தன, எனக்கு மனம் பூரித்துவிட்டது. உடனே "ஆகியோரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்று முடிக்கிறார். கண்ணாடியை வேனில் விட்டுவிட்டு வந்த மனுஷன் சீட்டில் இறந்தவர்களுக்கான பக்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் கையைப் பிடித்து இழுப்பதற்குள் அத்தனை சனத்துக்கு நடுவே எழுந்து நின்று, "சாமி, அவங்க நல்லா உசுரோட இருக்காங்க. என் மகளும் என் மருமகனும்" என்றார். கோவிலே சிரித்தது. சாமியாரும் சிரித்துக்கொண்டே உங்கள் நீடித்த ஆயுளுக்கென்று திருத்தி வாசித்தார். எனக்கு மட்டும் சிரிப்போடு அழுகையும் வந்தது, அந்த "மருமகன்" என்ற ஒரு வார்த்தைக்கு எத்தனை ஜெபமாலை உருட்டியிருப்பேன். வேனில் ஊர் வந்து சேரும் வரை எல்லாரும் அவரைக் கேலி செய்தார்கள், அவர் கோபிக்கவே இல்லை.

வெளியே போகும்போது காதை மூடிக்கொள், பூசையை விடாதே. ஞாயிற்றுக்கிழமை போனில் மணிவேலையும் பேசச் சொல், தயங்க வேண்டாம். மாதா உங்கள் இருவரையும் தன் மடியில் வைத்துக் காக்கட்டும்.

உன் அம்மா
ஜெபசீலி

கவரைக் கிழித்துப் போட்டிருந்தால் எடுத்துப் பார். விலாசத்தில் எப்போதும் தன் பெயரைச் சேர்த்து "வின்சி யேசுராஜ்" என்று எழுதுகிற உன் அப்பா இந்த முறை "வின்சி மணிவேல்" என்று எழுதியிருக்கிறார். கண்ணாடி போட்டுக்கொண்டுதான் எழுதினார்.