மாலையோட போகுது வண்டி

ஏனுங்க,

ரசம் அடுப்பு மேல இருக்குது, சூடு பண்ணிக்குங்க. தயிரை மூடி வையுங்க, பூனை வரும்.

புதுக் காரைக் காணோம்னு தேடாதீங்க. நான்தான் சேலத்துக்கு, வாங்குன ஷோரூமுக்கே எடுத்துட்டுப் போறேன். பூசைக்குச் சந்தனம் வெக்கறப்பவே பேனட்டு மேல உப்புத்தாளைத் தடவுன மாதிரி சொரசொரன்னு இருந்துச்சு. நேத்துத் துடைச்சா துணி நூல் நூலா மாட்டுது. போன் பண்ணிக் கேட்டா, ஷோரூம்காரன் "ஓட்ட ஓட்டச் சரியாயிரும்மா"ங்கறான். ஓட்டுனா டயரு தேயும், பெயிண்டு எப்படீங்க தேயும்?

"எலுமிச்சம்பழம் நசுக்குன வண்டியைத் திருப்பிக் கொண்டுபோனா ஊரே சிரிக்கும்"னு நேத்துக் கத்துனீங்க. சிரிக்கட்டும். போட்ட மாலையைக் கூட நான் கழட்டல. அப்படியே ஷோரூம் வாசல்ல நிறுத்தி, புது வண்டி வாங்க வாரவங்களை எல்லாம் இதைத் தடவிப் பாத்துட்டு உள்ள போங்கன்னு சொல்லப்போறேன்.

மத்தியானம் உங்க அக்கா வண்டி பாக்க நாமகிரிப்பேட்டைல இருந்து வாராங்க. சர்வீசுக்குப் போயிருக்குதுன்னு மழுப்பாதீங்க. உள்ளதைச் சொல்லுங்க.

எழுத மறந்துட்டேன்: மாத்துச் சாவியும் எங்கிட்டத்தான் இருக்குது. திரும்பி வான்னு போன் பண்ணாதீங்க, எடுக்க மாட்டேன். வேணும்னா பஸ் ஏறி வாங்க. வாங்குனதுல இருந்து நீங்க அந்தப் பேனட்டுல கை வெச்சே பாக்கலீங்க. வெச்சுப் பாத்துட்டு அப்புறம் என்னையத் திட்டுங்க.