முனியாண்டி நிற்கும் ஓரம்

1984 நவம்பர் 12, திங்கள்
விடிந்ததிலிருந்து தூறல். ரிங்லெட் முழுக்க மூட்டம். வீடியோ கடையைப் பாதி சாத்திவிட்டு வேலை. தோட்டத்து மண்டபத்துக்குப் புது டிவி, பதினான்கு அங்குலம். சனிக்கிழமை திறப்பு. எட்டு வருஷத்துக்கு முன்னால் தேயிலைக் கம்பெனி நம் தோட்டத்தில் எடுத்த அகலத்திரை சினிமாஸ்கோப் படத்தை டேப்பில் ஏற்றித் தரவேண்டும். சுவரில் ஓட்டி, இரவல் வீடியோ கேமராவால் பிடிக்க வேண்டியதுதான். படச்சுருள் வியாழக்கிழமை கோலாலம்பூர் திரும்பணும்.

சோதித்தவை:
1. அகல லென்ஸ் இல்லாமல். டிவி நிறைகிறது, ஆட்கள் நசுங்கி மூங்கில் கழி மாதிரி. வேண்டாம்.
2. முழு அகலம். மேலும் கீழும் கறுப்புப் பட்டை. முகம் உளுந்தளவு.
3. டிவி நிறைய. முகம் தெளிவு. இரண்டு ஓரமும் போச்சு.

இரண்டாவதை முழுசாக ஒரு டேப்பில் எடுத்தேன்.

13, செவ்வாய்
தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா, கிராணி, வந்து பார்த்தார். முகம் சுளித்தார்.
"என்னய்யா சாமிநாதா, பாதி டிவி கறுப்பா கெடக்கு? மேனேஜர் துரை பாத்தா டிவி ரோசாக், கெட்டுப்போச்சுன்னு நெனைப்பாருலா. நெறைய எடு."

வேலை முடிந்து நேரே மாரியாயி வந்தாள், கொழுந்து பறிக்கிறவள். படம் எடுத்த மறுவருஷம் லோரி கவிழ்ந்து புருஷன் முனியாண்டி போய்விட்டான்.
"அண்ணே, அவரு அதுல இருக்காராம்ல. காலைல பேரு கூப்பிடற பெரட்டுக்கு வரிசையா நிக்கயில, எடது ஓரமா. வீட்ல அடையாளக் கார்டு ஐசி போட்டோ ஒண்ணுதான். அந்தப் படம் எடுக்கயில எம் மவ வயித்துல."

ஓட்டிப் பார்த்தேன். இருக்கிறான். அதே காட்சியில் வலது ஓரத்தில் துரை. டிவி நிறைய எடுத்தால் இரண்டு பேரில் ஒருவர்தான்.

14, புதன்
டிவி நிறைய எடுத்தாச்சு. அந்த இடம் வந்ததும் கேமராவை இடப்பக்கம் திருப்பினேன். துரையின் தொப்பிகூட இல்லை. இந்த வேலை கெட்டால் மற்றத் தோட்டங்களும் கூப்பிடாது.

15, வியாழன்
சுருளை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். இனி மாற்ற வழியில்லை.

17, சனி
காலை பதினொன்று. மண்டபம் கொள்ளாத சனம். முன் வரிசையில் துரை, அவர் மனைவி.
காட்சி வந்தது. முனியாண்டி தலைத்துண்டை உதறிக் கட்டுகிறான், பக்கத்து ஆளிடம் என்னவோ சொல்லிச் சிரிக்கிறான்.
"டேய், நம்ம முனியாண்டிடா!" பின்னாலிருந்து கூச்சல்.
மாரியாயி மகள் எழுந்துவிட்டாள். "எதும்மா? எது அப்பா?"
பத்துக் கை டிவியைக் காட்டின. அதற்குள் காட்சி போய்விட்டது.
துரை திரும்பினார். "திருப்பிப் போடு."
போட்டேன்.
"நானும் அங்கதானே நின்னேன்?"
"நின்னீங்க துரை. இந்த டிவில எடம் பத்தல."
டிவிக்கு ஒரு சாண் தள்ளி அந்தப் பிள்ளை, வாயைத் திறந்தபடி. துரை கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். படம் முடியுமுன் போய்விட்டார்.

18, ஞாயிறு
கிராணி கடைக்கே வந்தார். தொலைந்தோம் என்று நினைத்தேன்.
"அந்தக் கறுப்புப் பட்டை டேப்பைக் குடு. பொடிசா தெரிஞ்சாலும் பரவாலயாம், எல்லாரும் தெரியணுமாம் துரைக்கு."
கொடுத்தேன். மற்றதை லயத்து வரிசை வீட்டில் மாரியாயியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். டிவி இல்லாத வீடு.
"இதுக்குள்ளயாண்ணே இருக்காரு?"
ஆமாம் என்றேன். மகள் வாங்கி, காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தாள்.