சீட் ஒருவருக்கா, இருவருக்கா?

பிப்ரவரி 3

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம், நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். போனில் பேசினால் மூன்றாவது நிமிடமே சண்டை, கடிதம் என்றால் சண்டை வரவும் பத்து நாள் ஆகும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அதனால் இதையும் எழுத்திலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஒரு டிராக்டர் செய்கிறேன்.

சிரிக்காதீர்கள். வீட்டுக்குப் பின்னால் நம் நிலத்துக்குப் போகிற சந்தின் அகலம் அறுபது அங்குலம். இஞ்ச் டேப் வைத்து நானே அளந்தேன். வாடகை டிராக்டர் எதுவும் நுழையாது. நீங்கள் இருந்தபோது இருவருமாக மண்வெட்டியால் கொத்தினோம். நீங்கள் வெளியூருக்கு மெக்கானிக் வேலைக்குப் போன இந்த மூன்று வருடமாக முள் என் இடுப்புக்கு மேல் வளர்ந்து கிடக்கிறது. இந்த மழைக்காவது உழுதுவிட வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது.

ஒரு பழைய வேனைப் பிரித்து வேலை நடக்கிறது. எனக்குத் துணை, இரும்புக் கேட், ஜன்னல் கம்பி எல்லாம் அடிக்கிற வெல்டிங்காரர். எதைச் சொன்னாலும் "ஆகட்டும்" என்பார், எதிர்க்கேள்வியே கிடையாது. தெருவே அவரை ஆகட்டும் என்றுதான் கூப்பிடுகிறது. ஒரு கியர் பாக்ஸ் போதாது, அதன் பின்னால் இன்னொன்றையும் சேர்த்தால்தான் உழுகிற அளவுக்கு மெதுவாகப் போகும் என்று பழைய இரும்புக் கடைக்காரர் சொன்னார். அதையும் வாங்கியாயிற்று. எனக்குப் பாதி புரிகிறது, பாதி புரியவில்லை. தையல் மெஷினில் ஒரே ஒரு பெல்ட், அதோடு வேலை முடிந்தது.

உங்களிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான். சீட் ஒருவர் உட்காரத் தைக்கவா, இருவர் உட்காரத் தைக்கவா? ரெக்ஸினை வெட்டுவதற்கு முன் தெரிய வேண்டும். வெட்டியதில் ஒட்டுப் போடுகிற பழக்கம் எனக்கு இல்லை.

எப்போது வருகிறீர்கள் என்று இந்த முறை கேட்கவில்லை.

உங்கள் டைலர்


பிப்ரவரி 19

அன்புள்ள டைலரம்மாவுக்கு,

கடிதத்தை நான்கு முறை படித்தேன். டிராக்டரா? நீயா? பல்பு மாட்டவே என்னைக் கூப்பிடுகிறவள் ஆயிற்றே.

சரி, மேஸ்திரி என்று ஒருவன் இருக்கிறேன், கேட்டுச் செய். கிளட்ச் தட்டை மாற்றாமல் இன்ஜினைத் தூக்கி வைக்காதே. இரண்டு கியர் பாக்ஸும் நேர்கோட்டில் இருக்க வேண்டும், ஒரு நூல் விலகினாலும் தாங்காது. இங்கே என் கையின் கீழ் ஆறு பேர் வேலை செய்கிறார்கள், அவர்களுக்கும் இதையேதான் தினமும் சொல்கிறேன்.

ஆனால் ஒன்று புரியவில்லை. நல்ல வேனை இப்படிப் பிரித்துப் போடக் கொடுத்த முட்டாள் யார்? நம் வேன் பத்திரமா? தார்ப்பாய் விலகாமல் பார்த்துக்கொள். வாரம் ஒரு முறை ஸ்டார்ட் செய்து வை. நான் வந்ததும் முதல் வேலை, அதில் உன்னை உட்கார வைத்து ஒரு சுற்று.

இந்த வருடம் லீவு கஷ்டம். அடுத்த வருடம் கட்டாயம் வருகிறேன்.

உன் மேஸ்திரி


மார்ச் 10

அன்புள்ள உங்களுக்கு,

அந்த முட்டாள் நீங்கள்தான்.

நம் வேன்தான் அது. முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வேண்டாம் என்பீர்கள். வேண்டாம் என்று நீங்கள் சொல்லி, அதற்குப் பிறகு நான் பிரித்தால் அது பெரிய குற்றம். சொல்லாமல் பிரித்தால் சின்னக் குற்றம். இப்படிக் கணக்குப் போட்டுத்தான் ஸ்பேனரை எடுத்தேன். தார்ப்பாய் பத்திரமாகத்தான் இருந்தது. அதற்குள் எலி மூன்று தலைமுறைக்குப் பெருகியிருந்தது.

நேற்று முதல் ஓட்டம். ஸ்டார்ட் ஆனதும் தெருவே கை தட்டியது. இரண்டு கியர் பாக்ஸிலும் முதல் கியர் போட்டேன். கிளட்சை விட்டேன். வண்டி பின்னால் போனது! இரண்டாவது கியர் போட்டால் இன்னும் வேகமாகப் பின்னால் போகிறது. ஆகட்டும் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். குதித்துத் தப்பினார். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, "ஏம்மா, ரிவர்ஸ்லயா போட்டீங்க?" என்றார். அவர் வாழ்நாளில் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். "இல்லண்ணே, முன்னாலதான் போட்டேன்." "ஆகட்டும்" என்றார்.

இன்னொன்று, பின் சக்கரங்களைச் சேர்க்கிற ஆக்ஸிலின் அடியில் ஒரு சின்னத் துளையிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டே இருக்கிறது. குச்சி செதுக்கி அடைத்தோம். அதுவும் நிற்கவில்லை.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நீங்கள் மேஸ்திரி, சொல்லுங்கள். மழைக்கு இரண்டரை மாதம்தான் இருக்கிறது. சீட்டைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை.

உங்கள் டைலர்


மார்ச் 27

டைலருக்கு,

என் வேனா?

நீ என்ன நினைத்து இதைச் செய்தாய்? நான் வரவே வேண்டாம் என்று சொல்கிறாயா? அப்படி என்றால் நேராகவே சொல்லியிருக்கலாம், ஒரு வண்டியைக் கொன்று சொல்ல வேண்டியதில்லை. நான் வந்தால் எதை ஓட்டுவேன்?

கோபத்தில் இதை எழுதிவிட்டுத் திரும்பப் படித்தால், கோபம் உன் மேலா என் மேலா என்று எனக்கே பிடிபடவில்லை.

கியர் கம்பிகளை இடம் மாற்றிப் பூட்டியிருப்பார்கள். மூடியைத் திறந்து பார். சீட் இப்போது முக்கியமா?

மேஸ்திரி


ஏப்ரல் 12

அன்புள்ள உங்களுக்கு,

மூடியைத் திறந்து பார்த்தோம். கம்பிகள் சரியான இடத்தில்தான் இருக்கின்றன. நீங்கள் சொன்னது தப்பு.

வரவே வேண்டாம் என்று சொல்கிறேனா? நானும் யோசித்தேன். ஒவ்வொரு வாரமும் அந்த வேனை ஸ்டார்ட் செய்தேன், நூற்றைம்பது வாரத்துக்கு மேல். எங்கேயும் போகாத வண்டியில் உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை மிதிப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. ஒரு நாள் இறங்கி வந்து ஸ்பேனரை எடுத்தேன். உங்கள் மேல் கோபமா, ஆசையா, இரண்டும் இல்லையா? பிரிக்கும்போதாவது புரியும் என்று நினைத்தேன். நட்டுகளைத்தான் தனித்தனி டப்பாவில் போட முடிந்தது.

டிராக்டர் முன்னால் போக வேண்டும், இப்போதைக்கு எனக்கு அவ்வளவுதான். அங்கே உங்கள் கையின் கீழ் ஆறு பேர் இருக்கிறார்களே, அவர்களில் யாரையாவது கேளுங்கள்.

உங்கள் டைலர்


ஏப்ரல் 29

அன்புள்ள டைலருக்கு,

கேட்டேன். என் கையின் கீழ் இருப்பவரை அல்ல. என் கையின் கீழ் யாரும் இல்லை.

இதை எழுதுவதற்குள் மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். நான் இங்கே மெக்கானிக் இல்லை. வந்த முதல் வாரம் ஒரு கியர் பாக்ஸைப் பிரித்து மாட்டச் சொன்னார்கள். மாட்டி முடித்தபோது கையில் ஒரு பல்சக்கரம் மிச்சம் இருந்தது. அதை யாரும் பார்ப்பதற்குள் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வண்டி வாசலைத் தாண்டவில்லை. அன்றிலிருந்து வண்டி கழுவுகிற இடத்தில் இருக்கிறேன். ஊரிலேயே பெரிய மெக்கானிக் என்று உன்னிடம் மார்தட்டிவிட்டு வந்தவன், கையில் சோப்பு நுரையோடு எப்படி வந்து நிற்பது? அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று எழுதியதெல்லாம் இதனால்தான். லீவு எப்போதும் இருந்தது.

இங்குள்ள கியர் பாக்ஸ்காரரிடம் உன் கடிதத்தைச் சொன்னேன். பின்னால் போவதைப் பற்றிச் சொன்னபோது தாடையைச் சொறிந்தார். எண்ணெய்த் துளையைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "அந்த ஓட்டை மேல இருக்கணும்ப்பா. காத்து போறதுக்கு. உங்க வீட்டுல ஆக்ஸிலையே கவுத்துப் போட்டு வெல்டிங் வெச்சிருக்காங்க" என்றார். ஆக்ஸில் தலைகீழானால் சக்கரமும் எதிர்ப்பக்கம் சுற்றுமாம். எப்படித்தான் கவிழ்ந்ததோ!

நீ ஒன்றையும் தொடாதே. லீவு கேட்கிறேன். நானே வந்து வெல்டிங்கை வெட்டி, புரட்டி மாட்டுகிறேன். அது ஒன்றாவது என்னால் முடியும் என்று நினைக்கிறேன். வருகிறேன்.

உன் வண்டி கழுவுகிறவன்


மே 18

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு நான்கு நாள் முன்பே வண்டி முன்னால் போய்விட்டது.

கோபத்தில் ஒரு நாள் கண்டபடி கியரை இழுத்தேன். முதல் கியர் பாக்ஸ் ரிவர்ஸில் விழுந்திருக்கிறது, எனக்குத் தெரியாது. கிளட்சை விட்டதும் வண்டி நிலத்தைப் பார்த்து நகர்ந்தது. இறங்கி ஆகட்டும் அண்ணனின் சட்டைக் கையைப் பிடித்து வைத்து யோசித்தேன். தைக்கும்போது சட்டைக் கையின் உள்பக்கம் வெளியே வந்துவிட்டால் என்ன செய்வோம்? இன்னொரு முறை புரட்டுவோம், நேராகிவிடும். அவ்வளவுதான் விஷயம். இப்போது முதல் கியர் பாக்ஸ் எப்போதும் ரிவர்ஸிலேயே இருக்கிறது. பாதி நிலம் உழுதாயிற்று. எண்ணெய்த் துளையில் ஒரு குழாயை மாட்டி மேலே வளைத்துக் கட்டியிருக்கிறேன். இப்போது சொட்டுவதில்லை.

ஆக்ஸில் எப்படிக் கவிழ்ந்தது என்பதும் உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் தெரிந்தது. அது என் தப்பு. துணியின் நல்ல பக்கத்தில் சாக்பீஸ் படக்கூடாது, குறியெல்லாம் உள்பக்கம்தான் என்பது இருபது வருடப் பழக்கம். ஆக்ஸிலிலும் கீழே போக வேண்டிய பக்கத்தில்தான் குறி போட்டேன். குறி கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று அதை மேலே வைத்து வெல்டிங் அடித்திருக்கிறார் அவர். நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

அதனால் ஆக்ஸிலைப் புரட்டுவதற்காக நீங்கள் வர வேண்டியதில்லை.

வண்டி கழுவுகிற விஷயம் எனக்குத் தெரியும். இங்கே வண்டி வேலை பார்த்த காலத்தில் மளிகைச் சீட்டில்கூட உங்கள் கட்டைவிரல் கிரீஸ் இருக்கும். மூன்று வருடக் கடிதங்களில் ஒரு கறை இல்லை. உறையைப் பிரித்தாலே சோப்பு வாசனை. நீங்களாகச் சொல்வீர்கள் என்று இருந்தேன். சொல்லாமலே காலம் போனபோதுதான் வேனைப் பிரித்தேன். நீங்கள் கழுவினால் எனக்கு என்ன, துடைத்தால் எனக்கு என்ன? நான் அழுதது அதனால் இல்லை. ஒவ்வொரு வருடமும் வாசலைப் பார்த்தேனே, அதனால்தான் அழுதேன்.

சீட்டை வெட்டிவிட்டேன். ஒருவருக்குத்தான். நீங்கள் பதில் எழுதவில்லை, வண்டியை ஓட்டுவதும் நான். மிச்சம் இருந்த ரெக்ஸினைப் பஞ்சு வைத்து இடதுபக்க மட்கார்டின் மேல் தைத்துப் பூட்டினேன். "அது யாருக்கும்மா?" என்று கேட்டார் ஆகட்டும். அவருக்கு இப்போது கேட்கப் பழகிவிட்டது. "தெரியலண்ணே" என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை.

வருகிறேன் என்று இனி எழுத வேண்டாம். அதைப் படித்துப் படித்து அலுத்துவிட்டது. எழுதுவதானால் தேதியை எழுதுங்கள்.

டைலர்


மே 31

அன்புள்ள டைலருக்கு,

ஜூன் 21, காலை பத்து மணி பஸ். டிக்கெட் எடுத்துவிட்டேன்.

மட்கார்டில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வைக்கச் சொல். நீ திருப்பங்களில் எப்படி ஓட்டுவாய் என்று எனக்குத் தெரியாது.

வேன் போனது இன்னும் வலிக்கிறது. ஆனால் ஆகட்டும்.

உன் இடதுபக்கத்து ஆள்