கருவிக்கு வைத்த பொட்டு

1 அக்., புதன்
செம வெயில். மழை பேருக்குக்கூட இல்லை. இன்று பஸ் ஓட்ட வேண்டாம், லீவு. காலையில் தேக்கா மார்க்கெட். சந்தனம், குங்குமம், பொரி, கதம்பம். சரஸ்வதி பூஜை.

பாப்பா (மகள் கயல், ஆராய்ச்சிக்காரி ஆனாலும் எனக்குப் பாப்பாதான்) நம் புக்கிட் பாஞ்சாங் கார் பார்க் மேல்தளத்தில் இன்றுதான் புதுக் கருவி பொருத்தியிருக்கிறாள். ராத்திரி வானம் எவ்வளவு வெளிச்சம் என்று அளக்குமாம். 14ஆம் தேதி வட்டாரத் தெருவிளக்கை எல்லாம் மாற்றுகிறார்கள். அதற்கு முன்னாடி எவ்வளவு, பின்னாடி எவ்வளவு. அதுதான் அவள் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம். டிசம்பரோடு ஸ்காலர்ஷிப் முடிகிறது.

எனக்கு வேலை: திங்கள்தோறும் கண்ணாடி துடைப்பது. கணக்கில் கோட்டை விட்டவனுக்கு விஞ்ஞானத்தில் உத்தியோகம்!

மாலை, அவள் கிளம்பியதும் கருவிக்கும் பொட்டு வைத்தேன். மேலே பத்துக் காசு அளவில் கண்ணாடி. நெற்றி மாதிரி. நடுவில் வைத்தேன். பொட்டை ஓரத்திலா வைப்பார்கள்?

6 அக்., திங்கள்
வெயில். முதுகு வலி. கண்ணாடி துடைத்தேன். பொட்டை விட்டுவிட்டுச் சுற்றி மட்டும். பூஜையில் வைத்ததை நானே அழிப்பதா?

11, சனி
பாப்பா முகம் சரியில்லை. "இவ்வளவு இருட்டா இருக்காதே ப்பா. சுவா சூ காங்ல வச்ச இன்னொரு கருவி ஒழுங்காக் காட்டுது. இது மட்டும்..."
"புதுசு லா. பழகட்டும்," என்றேன்.
என் மனைவி செல்வி: "ஆமா, இவர் பெரிய இஞ்சினியரு."

14, செவ்வாய்
காலை பேப்பர் படிக்க மூக்குக்கண்ணாடி போட்டேன். அதில் ஒரு சொட்டு சாம்பார். பாதித் தலைப்பு காணோம்.
அப்போ கருவி நெற்றியில் என் பொட்டு?
ஓடினேன். எச்சில் தொட்டு, சட்டை நுனியால் துடைத்தேன். பளபள. யாரும் பார்க்கவில்லை. கீழே ஏணி வைத்து விளக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

15, புதன்
"அப்பா! ஒரே ராத்திரியில எப்படி ஏறியிருக்கு பாருங்க! புது விளக்கு வானத்தையே வெளுத்துடுச்சு!" என்னைக் கட்டிக்கொண்டாள். இப்படிக் கட்டிக்கொண்டு ஒரு வருஷம் ஆகிறது. வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலும் பேசச் சொல்லிவிட்டாராம் புரொஃபசர்.
செல்வி கேசரி கிண்டினாள். குற்றவாளி இரண்டு தட்டு சாப்பிட்டான்.

16, வியாழன்
சொல்ல வேண்டும். இரண்டு முறை அவள் அறைக் கதவு வரை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டு வந்தேன்.

17, வெள்ளி
எல்லாரும் கை தட்டினார்களாம். புதுச் சேலை கட்டிப் போயிருந்தாள். சாயங்காலம் சொன்னேன்.
கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.
"வச்சது போகட்டும். ஏம்பா துடைச்சீங்க?"
"உனக்குத் தெரியக் கூடாதுன்னு..."
"பொட்டு அப்படியே இருந்திருந்தா எவ்வளவு மறைக்குதுன்னு அளந்து கழிச்சிருப்பேன். இப்ப ஏறினதுல எது விளக்கு, எது பொட்டு? பழைய விளக்கைத் திரும்ப மாட்டச் சொல்லட்டுமா?"
என் முன்னாலேயே புரொஃபசருக்கு போன். ஸ்பீக்கரில். வேண்டுமென்றுதான்.
பொட்டுக் கதை முழுதும் சொன்னாள். பிறகு அந்த ஆள்: "ஆக, ரெண்டு வாரமா நீ அளந்தது உங்கப்பா பக்தியை." பின்னால் யாரோ சிரித்தார்கள்.
"எஸ், சார்," என்றாள்.

18, சனி
மேக மூட்டம். வேலைக்குப் போகவில்லை.
சாப்பாட்டு மேசையில் கருவியைக் கழற்றி வைத்திருக்கிறாள். எதிரே மேசை விளக்கு. பக்கத்தில் சந்தனம், குங்குமம்.
"வைங்க."
"பாப்பா..."
"அன்னிக்கு வச்ச மாதிரியே. அதே விரல், அதே அளவு."
வைத்தேன். எண்ணைப் பார்த்து எழுதினாள். துடைத்தாள். "இன்னொண்ணு."
செல்வி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். என்னைக் கிண்டல் பண்ணவில்லை. அதுதான் பயமாக இருந்தது.
பதினேழு பொட்டு. பதினேழு எண். ஒன்று போல ஒன்று இல்லை. எதைக் கழிப்பாள்? விரல் நடுங்குகிறது என்றேன்.
"அன்னிக்கு நடுங்கலையே ப்பா," என்றாள். துடைத்து, கருவியை என் பக்கம் தள்ளினாள்.
பதினெட்டு.