கரையோரத்தில் புள்ளி இல்லை

கண்ணகை அம்மன் துணை

புருசெத், ஒஸ்லோ
மாசி 8

என் பேத்தி கம்சிகாவுக்கு அம்மம்மா எழுதுவது.

நான் சுகம். பனிக்கு முழங்கால் மட்டும் நோகிறது. அந்த நடுக்கடல் தீவில் உனக்குக் காற்றுக் கடுமையோ? உன் பறவைக் குஞ்சுகள் எல்லாம் உயிரோடு இருக்கின்றனவோ? நாலாம் வகுப்புப் படித்தவளின் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். உன் அம்மா நிசாந்தினி இதைப் போனில் படம் பிடித்து அனுப்புவாள். வாசித்துப் பார்க்காமல் அனுப்பமாட்டாள். வாசிக்கட்டும்.

மூன்று தரம் போன் எடுத்தாய், நான் கதைக்கவில்லை. காரணம் நீ அனுப்பிய படம். நடுவில் தீவு, சுற்றிவரச் சிவப்பு வட்டம். குஞ்சு பறக்கும்வரை வட்டத்துக்குள் ஒருவரும் மீன்பிடிக்கக்கூடாது என்று கப்பல்காரரும் வருகிற இருபதாம் தேதிக் கூட்டத்தில் கேட்கப்போகிறாய் என்றாள் உன் அம்மா. அவள் கை தட்டினாள். நான் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டேன்.

தொண்ணூறாம் ஆண்டு எங்கள் மயிலிட்டிக் கடலையும் இப்படித்தான் ஆமிக்கென்று ஆரோ கோடு கீறி மூடினான். எங்களிடம் ஒரு சொல் கேட்கவில்லை. இருபத்தேழு வருடம். உன் அம்மப்பா சபாரத்தினம் அகதி முகாமில் இருந்துகொண்டு தினமும் கடலுக்குப் போகிறவர்போலக் காற்றுப் பார்த்தார். கடல் திறக்கமுதல் போய்விட்டார். கோடு கீறினவனை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

போன வெள்ளி கோவிலில் தங்கேஸ்வரி வந்தாள். உன் அம்மாவின் கலியாணத்தில் மீன் மணக்குது என்று எங்கள் பக்கத்திலிருந்து எழும்பிப் போனவள். அவள் எழும்பின நீலக் கதிரை இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அவள் என்னைப் பார்த்து, “என்னக்கா, குருவி எண்ணவோ உங்கடை பேத்தி இவ்வளவு படிச்சவ? என்ரை மோன் ஸ்தவாங்கரிலை எண்ணெய்க் கொம்பனி எஞ்சினியர்” என்றாள். நான் விடவில்லை. “ஓம், எண்ணுறாள். உன்ரை மோன் தோண்டுற கடலிலை என்ன உயிர் இருக்கெண்டு ஒருக்கால் அவனைக் கேட்டுப் பார்” என்றேன். பக்கத்தில் நின்ற சனம் சிரித்தது. உன்னால் என் தலை கூரையில் முட்டியது பிள்ளை.

அப்படிப் பெருமை பேசிவிட்டு உன்னோடு கதைக்காமல் இருப்பது எனக்கே சரியாகப் படவில்லை. உன் படத்தைக் கடதாசியில் எடுத்துத் தரச் சொல்லி உன் அம்மாவிடம் கேட்டேன். மூன்று நாள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். காலில் கருவி கட்டிய பறவை எங்கே இறங்கி மீன் தின்றதோ அங்கே ஒரு கறுப்புப் புள்ளி என்று எழுதியிருக்கிறாய். புள்ளியெல்லாம் மேற்கே, வெகு தூரத்தில், குளிர்நீரும் சூட்டுநீரும் சேருகிற இடத்தில் அப்பிக்கிடக்கிறது. கரையோரத்தில் புள்ளி இல்லை.

அம்மப்பா சொல்லுவார், நேராய்ப் பறக்கிற பறவைக்குப் பின்னாலை தோணியை விடாதை, அது சும்மா போகுது, கீழை இறங்கிற இடத்துக்குப் போ என்று. உன் பறவைகள் கரைக்கடலை நேராகக் கடந்து போகின்றன. பிறகு ஏன் மோளே வட்டத்தைக் கரையிலிருந்தே கீறினாய்?

பெரிய கப்பல்கள் மைல் கணக்கில் தூண்டில் விடுவது மேற்கே என்று சொன்னாய். அதில் கொளுவிப் பறவை சாகிறது என்றும் சொன்னாய். அந்தக் கடலை மூடு, நான் உன் பக்கம். ஆனால் அந்தத் தீவில் இருநூறு சனம், பதின்மூன்று சின்னப் படகு என்றும் நீதானே சொன்னாய். கரையோரம் சிங்கி இறால் பிடித்துத்தான் அவர்களுக்குச் சீவியம். நீ காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்த மனுசியின் புருசனும் அதில் ஒருவன். உன் வட்டம் அவனையும் மறிக்கிறது.

கெட்ட எண்ணத்தோடு நீ கீறவில்லை, தெரியும். வட்டம் கீறுவது லேசு. கரையில் இருப்பவனைக் கேட்கத் தேவையில்லை.

இருபதாம் தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. அவர்கள் படகில் ஏறு. எவ்வளவு தூரம் போகிறார்கள் என்று பார். கரைக்கடலை அவர்களுக்கு விட்டு, புள்ளி இருக்கிற இடத்தைச் சுற்றிப் புதுக்கோடு கீறு. உன் மேலதிகாரி நேரமில்லை என்றால், நேரம் எடு. கூட்டத்தில் தலை குனியாமல் கதை. கப்பல்காரருக்குப் பயப்படாதே, அவர்களை விடக் கடல் தெரிந்த வீட்டில் பிறந்தவள் நீ.

கண்ணகை உன் கையை நேராக நடத்தட்டும். அந்தக் கரையில் என்னைப்போல ஒரு கிழவியும் மன்னிக்க முடியாமல் உன் பெயரை மனதில் வைத்துக்கொண்டு சாகக் கூடாது, பிள்ளை.

உன் அம்மம்மா
கனகேஸ்வரி